பாட்டுப் பிளேயர் நிறுவியைச் சோதித்தல்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில், எங்கள் கோயில் மண்டபத்துப் பின்னறையில் ஐந்து கணினிகள் இருக்கின்றன. அலுவலகங்கள் கழித்துக் கொடுத்தவை. ஒன்றுகூடப் புதிது இல்லை. பஜனைக் குழுவின் பாட்டெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. தாத்தாமார் கேசட்டில் பிடித்துவைத்த தேவாரம், காவடிப் பாட்டு, ஆடி மாதக் கஞ்சி பூசையில் பாடியது, இந்த ஊரில் ‘சிக்ஸ் ஃபூட் டான்ஸ்’ என்று பெயர் மாறிப்போன தெருக்கூத்து எல்லாம் உண்டு. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களின் வழியில் வந்த குரல்கள் அவை. வேறு எங்கும் நகல் கிடையாது.

இவற்றைக் கேட்க ஒரு திறமூலப் பிளேயரைப் பயன்படுத்துகிறோம். அதன் புதிய பதிப்பு வெளிவரும் முன் நிறுவியை (பிளேயரைக் கணினியில் ஏற்றும் நிரலை) வாங்கி இந்த ஐந்து கணினிகளிலும் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. எழுதியவர்களின் கணினியில் எல்லாமே ஓடும். கம்பைலர் இருக்கும், நூலகங்கள் இருக்கும், நிர்வாகி உரிமை இருக்கும், பயனர் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். எங்கள் மண்டபத்தில் அந்த நான்கில் ஒன்றும் இல்லை. அதனால்தான் கோளாறுகள் இங்கே முதலில் தலைகாட்டுகின்றன. சோதிக்க உட்காரும்போது கணினியைச் சுத்தம் செய்து, சரிபண்ணி, பிறகு நிறுவாதீர்கள். மக்கள் வைத்திருக்கிறபடியே வைத்து நிறுவுங்கள். திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டுமானால் கணினிக்குள் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு விண்டோஸை ஏற்றி, நிறுவும் முன் ஸ்னாப்ஷாட் (திரும்பிப் போக உதவும் நிலைப்பதிவு) எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் சாண்ட்பாக்ஸும் நல்லதுதான், ஆனால் ஹோம் பதிப்பில் அது வராது.

இனி, காதில் விழும் புகாரை வைத்துத் தேடுவோம்.

## ‘நிறுவியே திறக்கவில்லை’

இரட்டைச் சொடுக்கு சொடுக்கியதும் ‘இன்டெக்ரிட்டி செக்’ தோற்றது என்று ஒரு செய்தி வந்தால் முக்கால்வாசி நேரம் பதிவிறக்கம் பாதியில் நின்றிருக்கிறது. மின்வெட்டு இருந்த நாட்களில் எங்களுக்கு இது வாடிக்கை. ரௌட்டர் அணைந்துவிடும், பிரவுசர் அரைகுறைக் கோப்பை முழுக்கோப்பு என்று நினைத்து வைத்துக்கொள்ளும். பல திறமூல மென்பொருள்கள் என்எஸ்ஐஎஸ் என்ற கருவியால் நிறுவியைக் கட்டுகின்றன. அந்த நிறுவி ஓடும் முன் தன்னைத் தானே கூட்டிப் பார்த்துக்கொள்ளும், கணக்கு உதைத்தால் நின்றுவிடும். நிற்பது நல்லதுதான். (அந்தக் கருவி பிறந்ததும் ஒரு பாட்டுப் பிளேயர் வீட்டில்தான். வின்ஆம்ப்பை எழுதிய நல்சாஃப்ட் தங்கள் தேவைக்காகச் செய்தது அது.)

உடனே மறுபடி பதிவிறக்கி டேட்டாவைச் செலவழிக்க வேண்டாம். முதலில் பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹேஷ்’ கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுங்கள். எஸ்எச்ஏ-256 முறையில் 64 எழுத்து வரும். கோப்பின் கைரேகை போன்ற இதற்குத்தான் ‘ஹேஷ்’ என்று பெயர். பிளேயரின் பதிவிறக்கப் பக்கத்தில் கொடுத்திருக்கும் 64 எழுத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் கோப்பு கெட்டது, மறுபடி இறக்குங்கள். பொருந்தியும் இதே செய்தி வந்தால்தான் அது தெரிவிக்க வேண்டிய பிழை.

## ‘நீலப் பெட்டி வந்து தடுக்கிறது’

‘விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது’ என்ற பொருளில் வரும் அந்தப் பெட்டி ஸ்மார்ட்ஸ்கிரீன். வைரஸ் இருக்கிறது என்று அது சொல்லவில்லை. ‘இந்தக் கோப்பை எனக்குத் தெரியாது’ என்கிறது, அவ்வளவே. சோதனைப் பதிப்பை உலகத்தில் சிலர்தான் இறக்கியிருப்பார்கள், தெரியாமல் இருப்பது இயல்பு. ஹேஷ் பொருந்துகிறது என்று உறுதிசெய்த பிறகு ‘மோர் இன்ஃபோ’, அதன்பின் ‘ரன் எனிவே’. ஹேஷைப் பார்க்காமல் அதை அழுத்தச் சொல்லிக்கொடுக்காதீர்கள். மண்டபத்துக்கு வரும் பிள்ளைகள் நாம் செய்வதைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள்.

சோதனைக்காரர் ஏமாறும் இடம் ஒன்று இங்கே உண்டு. இணையத்திலிருந்து வந்த கோப்பின் மேல் விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி போடுகிறது. அந்தக் குறியைப் பார்த்துத்தான் ஸ்மார்ட்ஸ்கிரீன் விழிக்கிறது. குறி என்டிஎஃப்எஸ் வட்டில்தான் ஒட்டியிருக்கும். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்று ஃபார்மேட் செய்த யுஎஸ்பி குச்சியில் நகலெடுத்தால் உதிர்ந்துவிடும். நான் வெகுகாலம் வீட்டில் இறக்கி, குச்சியில் எடுத்துவந்து, விண்டோஸ் கணினிகளில் நிறுவி, ‘எச்சரிக்கை எதுவும் வரவில்லை’ என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். நேராக இறக்கியவர்கள் எல்லோருக்கும் வந்திருக்கிறது. இப்போது இரண்டு வழியிலும் ஒவ்வொரு தடவை செய்து பார்க்கிறேன்.

நிறுவியில் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் இந்தத் தொல்லை நாளடைவில் குறையும். கையொப்பம் இல்லாத கோப்பின் நற்பெயர் அந்த ஒரு கோப்போடு முடிந்துவிடும். அடுத்த பதிப்பு மறுபடி முகம் தெரியாத ஆளாகத்தான் வந்து நிற்கும். கையொப்பச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும், தொண்டாக எழுதுபவர்களுக்கு அது பெரிய தொகை. இந்தச் சான்றிதழ்த் தொழிலில் நம் தென்னாப்பிரிக்காவுக்கும் பங்கு உண்டு என்று பிள்ளைகளிடம் சொல்வேன்: 1995இல் மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய ‘தாட்’ நிறுவனம் டிஜிட்டல் சான்றிதழ் கொடுத்துத்தான் வளர்ந்தது. 1999இல் அதை விற்றார். பிறகு 2004இல் வந்தது அவருடைய உபுண்டு லினக்ஸ்.

## ‘கோப்பை எழுத முடியவில்லை என்கிறது’

பழைய பதிப்பின் மேல் புதியதை நிறுவும்போது வருவது. மூடினேன் என்று நினைத்த பிளேயர் மூடவில்லை. பெருக்கல் குறியை அழுத்தினால் கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொள்கிறது. ஓடும் நிரலின் கோப்பை விண்டோஸ் மாற்ற விடாது. அந்தச் சின்னத்தில் வலச்சொடுக்கு போட்டு வெளியேறி, பிறகு ‘ரீட்ரை’.

‘இக்னோர்’ மட்டும் வேண்டாம். அழுத்தினால் நிறுவல் முடிந்ததுபோல இருக்கும், ஆனால் பாதிக் கோப்பு புதிது, பாதி பழசு. அடுத்த நாள் ‘என்ட்ரி பாயின்ட் இல்லை’ என்று பிளேயர் விழும், காரணம் யாருக்கும் நினைவிருக்காது. நல்ல நிறுவி, பிளேயர் ஓடுகிறதா என்று தானே பார்த்து, மூடச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதையே பிழையாகத் தெரிவியுங்கள்.

## ‘பாதையில் எல்லாம் கேள்விக்குறி’

தமிழர்களாகிய நாம் சோதிக்காவிட்டால் வேறு யாரும் சோதிக்கப்போவதில்லை என்று நான் நினைப்பது இதைத்தான்.

எங்கள் மூன்றாவது கணினியில் பயனர் பெயர் ‘கோயில்’. தமிழ் வகுப்பு நடத்தும் அக்கா வைத்த பெயர். உள்ளூர்க் கணக்கு என்பதால் விண்டோஸ் அந்தப் பெயரிலேயே பயனர் கோப்புறையை உருவாக்கிவிட்டது. நிறுவி தன் தற்காலிகக் கோப்புகளை அந்தக் கோப்புறைக்கு உள்ளேதான் விரிக்கும்.

பழைய நிரல்கள் எழுத்தை ‘ஆன்சி’ என்ற 256 இடப் பெட்டியில் வைத்துப் பேசும். ரஷ்யனுக்கு ஒரு பெட்டி, கிரேக்கத்துக்கு ஒரு பெட்டி என்று விண்டோஸ் வைத்திருக்கிறது. தமிழுக்கு அப்படி ஒரு பெட்டியே கிடையாது. விண்டோஸில் தமிழ், எல்லா மொழி எழுத்தும் ஒரே பட்டியலில் அடங்கும் யுனிகோடாக மட்டுமே வந்தது. எனவே ஆன்சி நிரல் ‘கோயில்’ என்ற பெயரைக் கேட்டால் விண்டோஸ் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறியைக் கொடுக்கும். கோப்புப் பெயரில் கேள்விக்குறி வரவே கூடாது என்பதும் விண்டோஸின் விதி. அந்தப் பாதை எப்படித் திறக்கும்?

என்எஸ்ஐஎஸ்ஸில் கட்டியது என்றால் 2016இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து யுனிகோடு நிறுவி கட்டும் வசதி இருக்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. பழைய கோப்பை வருடக்கணக்கில் நகலெடுத்துக்கொண்டு வந்தவர்கள் அந்த வரியைச் சேர்த்திருக்க மாட்டார்கள். சொன்னால் அன்றே சேர்த்துவிடுவார்கள்.

சோதிக்க மூன்று காரியம் செய்யுங்கள். தமிழ்ப் பெயரில் ஒரு உள்ளூர்க் கணக்கு தொடங்கி அதற்குள்ளிருந்து நிறுவுங்கள். நிறுவும் இடத்தையும் தமிழ்க் கோப்புறையாகக் கொடுங்கள். நிறுவியது ஓடினாலும் நிற்காமல், தமிழ்ப் பெயருள்ள ஒரு பாட்டுக் கோப்பை வெளியிலிருந்து இரட்டைச் சொடுக்கில் திறந்து பாருங்கள். நிறுவி யுனிகோடாக இருந்து, அது பதிந்துவைத்த கோப்பு இணைப்பில் பிளேயர் ஆன்சியாகப் பெயரை வாங்கும் கதையும் உண்டு. ஒரு எச்சரிக்கை: விண்டோஸின் வட்டார அமைப்பில் யுடிஎஃப்-8ஐ (யுனிகோடை எழுதும் ஒரு முறையை) உலகப் பொதுவாகப் பயன்படுத்தச் சொல்லும் சோதனை வசதி ஒன்று இருக்கிறது. அதை இயக்கி வைத்திருந்தால் இந்தக் கோளாறு மறைந்துபோகும். சோதனைக் கணினியில் அது அணைந்தே இருக்கட்டும்.

## ‘நிறுவியாயிற்று, திறந்தால் ஒன்றும் வரவில்லை’

செய்தி வந்தால் வேலை சுலபம். ‘விசிரன்டைம்140’ அல்லது ‘எம்எஸ்விசிபி140’ என்ற டிஎல்எல் (நிரல்கள் பங்கிட்டுக்கொள்ளும் நூலகக் கோப்பு) இல்லை என்றால், விஷுவல் சி++ ஓடுநேர நூலகத்தை நிறுவி தன்னோடு கொண்டுவரவில்லை. நீங்களாக அதைத் தேடி நிறுவி ‘சரியாயிற்று’ என்று விட்டுவிடாதீர்கள். சோதனைக்கு அது உதவாது. இன்னொன்று: டிஎல்எல் கோப்பை மட்டும் கொடுக்கும் தளங்களிலிருந்து எதையும் இறக்கவே வேண்டாம்.

‘க்யூடி பிளாட்ஃபார்ம் பிளகின்’ பற்றிய செய்தி என்றால் (க்யூடி என்பது சாளரமும் பொத்தானும் வரையும் நூலகம்) நிறுவிய இடத்தில் ‘பிளாட்ஃபார்ம்ஸ்’ என்ற உள்கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் அதே செய்தி வந்தால் வேறு ஏதோ மென்பொருள் க்யூடியின் பாதையைச் சூழல் மாறியில் (எல்லா நிரலும் படிக்கும் விண்டோஸ் அமைப்பில்) எழுதி வைத்திருக்கலாம். 7பி என்று முடியும் பிழை எண் வந்தால் 32 பிட்டும் 64 பிட்டும் கலந்துவிட்டது என்று பொருள்கொள்ளலாம்.

விண்டோஸ் 7 கணினியில் க்யூடி 6 கொண்டு எழுதிய பிளேயர் ஓடாது. அதில் பிழை எதுவும் இல்லை, ஆனால் நிறுவி முதல் திரையிலேயே அதைச் சொல்லி நிற்க வேண்டும். முழுக்க நிறுவிவிட்டு விழக் கூடாது.

செய்தியே வராமல் சத்தமின்றி மறைந்தால் ‘ஈவென்ட் வியூவர்’ திறந்து, விண்டோஸ் பதிவுகளில் ‘அப்ளிகேஷன்’ பகுதிக்குப் போங்கள். சிவப்புக் குறியுள்ள வரியில் எந்த மாட்யூல் விழுந்தது என்று பெயர் இருக்கும். அந்தப் பெயரை அப்படியே நகலெடுத்து அனுப்புங்கள். ‘திறக்கவில்லை’ என்ற பத்து கடிதத்தைவிட அந்த ஒரு வரி எழுதுபவருக்குப் பயன்படும்.

## ‘நேற்று சேர்த்த பாட்டு இன்று காணோம்’

மண்டபத்தில் எல்லோருக்கும் சாதாரணக் கணக்கு. நிர்வாகிக் கடவுச்சொல் செயலாளர் அண்ணனிடம் மட்டும் இருக்கிறது. நிறுவும்போது அவர் வந்து கடவுச்சொல்லை அடித்துவிட்டுப் போவார். நிறுவியின் கடைசித் திரையில் ‘இப்போதே பிளேயரைத் திற’ என்று ஒரு குறி இருக்கும். அதை விட்டுவைத்தால் பிளேயர் திறக்கும். ஆனால் திறந்தவர் நீங்கள் அல்ல, அண்ணனின் கணக்கு. நீங்கள் அரைமணி நேரம் உட்கார்ந்து சேர்த்த பட்டியல் அவருடைய கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துவிடும். மறுநாள் உங்கள் கணக்கில் திறந்தால் வெறுமை.

இதன் உடன்பிறப்பு: நீங்களே நிர்வாகியாக இருந்தால் பட்டியல் தொலையாது, ஆனால் முதல் முறை மட்டும் பாட்டை வெளியிலிருந்து இழுத்துப் போட முடியாது, நெட்வொர்க் டிரைவும் தெரியாது. மூடித் திறந்தால் சரியாகிவிடும். உயர்ந்த உரிமையோடு ஓடும் சாளரத்துக்குள் சாதாரண உரிமையுள்ள எக்ஸ்புளோரரிலிருந்து எதையும் போட விண்டோஸ் அனுமதிப்பதில்லை.

டாஸ்க் மேனேஜரில் ‘டீட்டெய்ல்ஸ்’ தாவலுக்குப் போய் ‘எலிவேட்டட்’ என்ற நெடுவரிசையைச் சேர்த்துப் பாருங்கள். பிளேயருக்கு நேரே ‘யெஸ்’ என்றிருந்தால் இதுதான் காரணம். நிறுவி பிளேயரை நேராகத் திறக்காமல் எக்ஸ்புளோரர் வழியாகத் திறக்கச் சொன்னால் தீரும். அதுவரை அந்தக் குறியை எடுத்துவிட்டு நிறுவச் சொல்லுங்கள்.

## ‘பாட்டு ஓடுது, சத்தம் வரல’

“தம்பி, மொத நாளு நல்லா பாடுச்சு. ரெண்டாந் தடவ தொறந்தா நேரம் மட்டும் ஓடுது, சத்தமே இல்ல” என்றார் மிருதங்கம் வாசிக்கும் தாத்தா. ஸ்பீக்கரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், சவுண்ட் டிரைவரை மறுபடி போட்டேன். “தாத்தா, பிளேயருக்குள்ள இருக்கற சத்தம் எவ்வளவு காட்டுது?” என்று கடைசியில்தான் கேட்டேன். பூஜ்யம் என்றார். ஏற்றி வைத்தால் பாடியது. மூடித் திறந்தால் மறுபடி பூஜ்யம்.

தென்னாப்பிரிக்க ஆங்கிலம் என்று வட்டாரத்தைத் தேர்ந்தால் விண்டோஸ் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வைக்கும். ஒன்றரை என்பது இங்கே 1,5. பிளேயர் சத்த அளவை 0.75 என்று புள்ளி வைத்து அமைப்புக் கோப்பில் எழுதியிருந்தது. திரும்பப் படிக்கும் வரியோ வட்டார விதிப்படி படித்தது. அது காற்புள்ளியை எதிர்பார்த்து, புள்ளியைக் கண்டதும் நின்று, கையிலிருந்த பூஜ்யத்தைக் கொடுத்துவிட்டது. முதல் நாள் அமைப்புக் கோப்பே இல்லாததால் பாடியது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து சோதிப்பவருக்கு இது ஒருநாளும் தெரியாது, அங்கே புள்ளிதான். ஜெர்மனியிலும் பிரான்சிலும் தெரியும், அங்கேயும் காற்புள்ளி.

உறுதிசெய்ய, கன்ட்ரோல் பேனலில் ‘ரீஜன்’, அதில் கூடுதல் அமைப்புகள், அங்கே தசமக் குறியைப் புள்ளியாக மாற்றி பிளேயரை மறுபடி திறங்கள். சத்தம் வந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். சோதித்ததும் பழையபடி மாற்றி வையுங்கள். ஈக்வலைசரையும் பாருங்கள். பாட்டுகளின் சத்தத்தைச் சமன்படுத்தும் ரீப்ளேகெயின் எண்ணிலும் இதே கோளாறு ஒளிந்திருக்கலாம். −6.50 என்பது −6 ஆகிவிட்டால் காதுக்கு அவ்வளவாகத் தெரியாது, அதனால் அதை யாரும் தேடுவதில்லை.

சில வகைக் கோப்பு மட்டும் பாடவில்லை என்றால் கதை வேறு. கிளெமன்டைன், ஸ்ட்ராபெரி, குவோட் லிபெட் போன்ற பிளேயர்கள் பாட்டைப் பிரித்துப் படிக்கும் வேலையை ஜிஸ்ட்ரீமர் என்ற நூலகத்திடம் விட்டிருக்கின்றன. எம்பி3 பாடுகிறது, எம்4ஏ பாடவில்லை என்றால் அதற்கான செருகுநிரல் நிறுவிக்குள் வரவில்லை. ஒவ்வொரு வகையிலும் ஒரு சின்னக் கோப்பை ஒரு கோப்புறையில் போட்டு வைத்துக்கொண்டால் இரண்டு நிமிடச் சோதனை.

## ‘பட்டியலில் இருக்கு, தேடினா வரல’

நிறுவியின் தவறு அல்ல, ஆனாலும் புகார் நம்மிடம்தான் வரும். ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். பழைய மேக் வட்டிலிருந்து வந்த கோப்புப் பெயர்கள் பிரித்து எழுதியவை. நம் விசைப்பலகை சேர்த்து எழுதுகிறது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. பிளேயர் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் பெயர்களில் மட்டும் தேடல் தவறினால் இதுதான்.

## லினக்ஸில்

ஐந்தாவது கணினியில் உபுண்டு. ஆப்இமேஜ் (ஒரே கோப்பாக வரும் லினக்ஸ் நிரல்) திறக்கவில்லை என்றால் முதலில் இயக்கும் அனுமதி கொடுங்கள். அப்புறமும் ‘லிப்ஃப்யூஸ்’ என்று முனகினால் லிப்ஃப்யூஸ்2 பொதியை நிறுவுங்கள், 22.04லிருந்து அது தானாக வருவதில்லை. நிரலைத் தனிக் கூண்டுக்குள் ஓட்டும் ஃபிளாட்பேக்காக நிறுவினால் வெளி வட்டு தெரியாமல் போகலாம். ஃபிளாட்சீல் என்ற செயலியில் அந்த வட்டுக்கு அனுமதி கொடுக்க வேண்டும். லினக்ஸின் அடிப்படை நூலகமான ‘ஜிலிப்சி’ பதிப்பு போதவில்லை என்றால் பொதியைப் புதிய கணினியில் கட்டியிருக்கிறார்கள், அதைத் தெரிவியுங்கள்.

பாட்டுகளை இங்கே நகலெடுக்கும்போது நீளமான தமிழ்ப் பெயர்கள் மட்டும் நின்றுவிட்டால் வியக்க வேண்டாம். லினக்ஸ் வட்டில் கோப்புப் பெயருக்கு 255 பைட். யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட், ஆக 85 குறியீடுதான் இடம். புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் குறியீடு. பதிக முதலடியைக் கோப்புப் பெயராக வைத்தவர்களுக்கு இது சீக்கிரம் தட்டும்.

## நீக்கிப் பார்ப்பது

இதற்குப் புகார் வருவதற்காகக் காத்திருக்கக் கூடாது. நிறுவியைச் சோதிப்பவர்கள் பலர் நீக்கியை (பிளேயரை அகற்றும் நிரலை) தொடுவதே இல்லை.

நிறுவும்போது இடத்தை மாற்ற விடுகிறார்கள். பாட்டுப் பிளேயர்தானே என்று ஒருவர் டி டிரைவில் இருக்கும் ‘பாட்டு’ கோப்புறையையே காட்டினால்? நிறுவி பிளேயரை அதற்குள் விரிக்கும். நீக்கும்போது ‘நிறுவிய கோப்புறையை உள்ளிருப்பதோடு அழி’ என்று எழுதியிருந்தால் பிளேயரோடு பாட்டுகளும் போகும். மறுசுழற்சித் தொட்டிக்கும் வராது. இந்த ஒரு கட்டளையைப் பற்றி என்எஸ்ஐஎஸ் ஆவணமே எச்சரிக்கிறது.

ஒரு சோதனைப் பதிப்பில் இது நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். பாட்டுகளின் நகலை வைத்துத்தான் சோதித்தேன். மூலம் வேறு வட்டில், அலமாரியில் பூட்டி இருந்தது. இருந்தாலும் கோப்புறை வெறுமையாக நின்றதைப் பார்த்தபோது கை நடுங்கியது. அந்த வட்டில் இருந்த குரல்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. அன்றிரவே எழுதி அனுப்பினேன்: என்ன கோப்புறை, எந்தப் படியில் எதை அழுத்தினேன், முன்னும் பின்னும் எடுத்த கோப்புப் பட்டியல். வெளியீட்டை நிறுத்தினார்கள். நிறுவி தான் வைத்த கோப்புகளை மட்டும் பெயர் சொல்லி அழிக்கும்படியும், ஏற்கனவே கோப்புகள் உள்ள கோப்புறையைக் காட்டினால் அதற்குள் பிளேயரின் பெயரில் தனிக் கோப்புறை உண்டாக்கும்படியும் மாற்றினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு புதுக் கோப்புறையில் ‘அழியக்கூடாது’ என்ற பெயரில் ஒரு வெற்று உரைக்கோப்பை வையுங்கள். அந்தக் கோப்புறையிலேயே பிளேயரை நிறுவுங்கள். ஒரு தடவை திறந்து மூடுங்கள். நீக்குங்கள். உரைக்கோப்பு இருக்கிறதா பாருங்கள். பிறகு மறுபடி நிறுவி, முன்பு செய்த பாட்டுப் பட்டியல்கள் அப்படியே வருகின்றனவா என்றும் பாருங்கள். பயனர் கேட்காமல் அவற்றையும் அழிக்கக் கூடாது. எங்கள் மண்டபத்தில் இப்போது ஒவ்வொரு பதிப்புக்கும் இதைத்தான் முதலில் செய்கிறோம். இது முடிந்த பிறகே பாட்டு வட்டை அலமாரியிலிருந்து எடுக்கிறோம்.